இரண்டு மாநிலம், ஒரு வோட்டு

கேரள-தமிழ்நாடு எல்லையில் கம்பம்மெட்டு செக்போஸ்ட்டுக்கு மேற்கே கேரளத்து ஏலத்தோட்டம், கிழக்கே இறங்கினால் தமிழ்நாட்டுக் கம்பம் பள்ளத்தாக்கு. மேற்கே இருப்பது உடும்பன்சோலை சட்டமன்றத் தொகுதி, இடுக்கி நாடாளுமன்றத் தொகுதி. கிழக்கே கம்பம் சட்டமன்றத் தொகுதி, தேனி நாடாளுமன்றத் தொகுதி. காலையில் ஜீப்பில் ஏறி வந்து காய் எடுத்துவிட்டு சாயங்காலம் இறங்கிப் போகிறவருக்கு இரண்டும் ஒரே ஊர் மாதிரிதான். தேர்தல் சட்டம் அப்படிப் பார்ப்பதில்லை. அதன் கணக்கில் ஒரு ஆளுக்கு ஒரு இருப்பிடம், ஒரு தொகுதி, ஒரு வரிசை எண்.

முதலில் சொல் குழப்பத்தைத் தீர்த்துவிடலாம். கேரளத்தில் தொகுதிக்கு 'மண்டலம்' என்று பெயர். சட்டமன்றம் 'நியமசபை'. வாக்காளர் பட்டியல் 'வோட்டர் பட்டிக'. பட்டியல் சாதி 'பட்டிகஜாதி'. 'நியமசபா மண்டலம்' என்று நோட்டீஸில் பார்த்தால் அது சட்டமன்றத் தொகுதி. சென்னையிலிருந்து வந்த மருமகன் நினைப்பது போல மாநகராட்சி மண்டலம் அல்ல. இன்னொன்று, தமிழில் எழுதினால் 'சித்தூர்' இரண்டு. பாலக்காட்டுச் சித்தூர் ஆலத்தூர் நாடாளுமன்றத் தொகுதிக்குள் வருகிறது. ஆந்திரத்துச் சித்தூர் தன் பெயரிலேயே நாடாளுமன்றத் தொகுதி. குப்பமும் நகரியும் அதற்குள். இரண்டு சித்தூரிலும் தமிழ் பேசுகிறவர்கள் இருக்கிறார்கள் என்பதால் இணையத்தில் விண்ணப்பம் போடும்போது மாநிலத்தை முதலில் சரியாகத் தேர்ந்தெடுப்பது சின்ன விஷயம் அல்ல.

கோடு எப்படி வந்தது? 1956 நவம்பர் 1 அன்று தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு, செங்கோட்டை ஆகியவை அன்றைய சென்னை மாநிலத்துக்குப் போயின. தேவிகுளம், பீர்மேடு, சித்தூர், நெய்யாற்றின்கரை கேரளத்தில் நின்றன. திருத்தணி 1960 ஏப்ரல் 1 அன்று ஆந்திரத்திலிருந்து வந்தது. இதெல்லாம் மாநில எல்லை. தொகுதி மறுவரையறை ஆணையம் மாநில எல்லையைத் தொடவே முடியாது. அதற்குள்தான் வெட்டி ஒட்ட வேண்டும். இந்த இரண்டையும் குழப்பிக்கொண்டு 'தொகுதி மறுவரையறையில் எங்களைத் தேனியோடு சேர்த்துவிடுங்கள்' என்று மனு எழுதுகிறவர்கள் இன்றும் இருக்கிறார்கள். அந்த மனு படிக்கப்படாமலே ஒதுங்கும். மாநில எல்லையை மாற்ற அரசமைப்பின் 3ஆவது பிரிவின்படி நாடாளுமன்றம் தனிச் சட்டம் போட வேண்டும்.

இப்போதுள்ள தொகுதிக் கோடுகள் 2002ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி நீதிபதி குல்தீப் சிங் தலைமையிலான ஆணையம் போட்டவை. 2008 பிப்ரவரியில் குடியரசுத் தலைவர் ஆணையோடு நடைமுறைக்கு வந்தன. கணக்கு 2001 மக்கள்தொகை. கேரளத்தில் 3.18 கோடிப் பேரை 140 இடத்துக்கு வகுத்தால் தொகுதிக்குச் சராசரி 2.27 லட்சம். தமிழ்நாட்டில் 6.24 கோடியை 234ஆல் வகுத்தால் 2.67 லட்சம். இது ஆளின் கணக்கு, வோட்டரின் கணக்கு அல்ல, குழந்தைகளும் சேர்த்தி.

தொகுதியைக் கட்டும் செங்கல் எது என்பதுதான் நடைமுறையில் முக்கியம். கேரளத்தில் அந்த ஆணை தொகுதியைப் பஞ்சாயத்து பஞ்சாயத்தாக அடுக்கி எழுதுகிறது: மூணாறு, மறையூர், காந்தளூர், வட்டவடை, அடிமாலி என்று வரிசையாகச் சேர்ந்தால் தேவிகுளம். கொழிஞ்சாம்பாறை, எருத்தேம்பதி, வடகரப்பதி முதலியவை சேர்ந்தால் சித்தூர். தமிழ்நாட்டில் செங்கல் வருவாய்க் கிராமம். தாலுகா பெயரைப் போட்டு அதன்கீழ் கிராமங்களை அடுக்கியிருப்பார்கள். ஆகவே கேரளத்தில் ஒரு எஸ்டேட் டிவிஷனை மட்டும் பிய்த்து அடுத்த தொகுதியில் சேர் என்று கேட்பதில் பயனில்லை. முழுப் பஞ்சாயத்தைத்தான் நகர்த்தச் சொல்ல முடியும். அதை நகர்த்தினால் குறைகிற இடத்தை வேறு எந்தப் பஞ்சாயத்தால் நிரப்புவது என்றும் சொல்ல வேண்டும்.

வரைவு வெளியாகும்போது ஆட்சேபம் சொல்ல வாய்ப்பு உண்டு: அரசிதழிலும் நாளிதழ்களிலும் வரைவை வெளியிட்டு, தேதி குறித்து, பொது அமர்வு நடத்த வேண்டும் என்று சட்டமே சொல்கிறது. ஒவ்வொரு மாநிலத்திலும் 5 எம்.பி.க்களும் 5 எம்.எல்.ஏ.க்களும் துணை உறுப்பினர்களாக உட்காருவார்கள். அவர்களுக்குப் பேச்சு உண்டு, வோட்டும் கையெழுத்தும் இல்லை. எடுபடுகிற மனு ஒரு பக்கத்தில் முடியும்: எந்தப் பஞ்சாயத்து, அதன் மக்கள்தொகை, சேர்த்தால் விடுத்தால் இரு தொகுதிகளும் சராசரியிலிருந்து எத்தனை சதவீதம் விலகும், சாலை எது வழியாகப் போகிறது. 'எங்கள் பாரம்பரியம்', 'எங்கள் உணர்வு' என்று நாலு பக்கம் போவது மேடைக்கு நல்லது. ஆணை இறுதியாகிவிட்டால் கோர்ட்டில் கேள்வி கேட்க அரசமைப்பின் 329ஆவது பிரிவு பெரிய தடை. எனவே ஓடியாட வேண்டிய காலம் வரைவுக் காலம்தான்.

இடுக்கி நாடாளுமன்றத் தொகுதியைக் கொஞ்சம் உற்றுப் பார்க்கலாம். அதில் தேவிகுளம், உடும்பன்சோலை, தொடுபுழா, இடுக்கி, பீர்மேடு ஆகிய ஐந்தோடு எர்ணாகுளம் மாவட்டத்து மூவாற்றுப்புழாவும் கோதமங்கலமும் சேர்ந்திருக்கின்றன. ஒரு சட்டமன்றத் தொகுதி முழுதாக ஒரே நாடாளுமன்றத் தொகுதிக்குள் அடங்க வேண்டும் என்பது விதி; மாவட்டம் அப்படி அடங்க வேண்டியதில்லை. இதன் விளைவு எல்லாருக்கும் தெரிந்ததுதான்: தேவிகுளத்தில் தமிழ் வோட்டு வேட்பாளரைத் தீர்மானிக்கும் அளவுக்குக் கனமானது, அதே வோட்டு இடுக்கி எம்.பி. தேர்தலில் ஏழில் ஒரு பங்குக்குள் கரைந்துவிடும். தமிழில் பேசும் எம்.எல்.ஏ. கிடைப்பதும் தமிழில் பேசும் எம்.பி. கிடைக்காததும் யாருடைய சதியும் அல்ல, வகுத்தல் கணக்கு.

இனி வோட்டர் பட்டியல். எல்லைத் தமிழர் வோட்டை இழப்பது பெரும்பாலும் பூத்தில் அல்ல, இங்கே.

1950ஆம் ஆண்டு மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம் கேட்கிற கேள்வி ஒன்றே: சாதாரணமாக எங்கே வசிக்கிறாய்? வீடு எங்கே சொந்தமாக இருக்கிறது என்பது போதாது. 20ஆவது பிரிவு அதைப் பச்சையாகவே சொல்கிறது. சங்கரன்கோவில் பக்கம் பூர்வீக வீடும் குலதெய்வமும் இருந்து, ஆண்டில் பத்து மாதம் மூணாறு லயத்தில் (கம்பெனி கொடுக்கும் வரிசை வீட்டில்) படுக்கிறவர் தேவிகுளம் வோட்டர். ஏல சீசனுக்கு மட்டும் மேலே போய் ஷெட்டில் தங்கித் திரும்புகிறவர் கம்பம் வோட்டர். தற்காலிகமாக வெளியே போனதால் வசிப்பிடம் போய்விடாது. இரண்டு தொகுதியில் பெயர் இருக்கக் கூடாது என்பது 17ஆவது பிரிவு. பொய் உறுதிமொழி கொடுத்தால் 31ஆவது பிரிவின்படி ஓராண்டு வரை சிறை அல்லது அபராதம், அல்லது இரண்டும்.

படிவங்களில் மூன்றைத் தெரிந்துகொண்டால் போதும். முதன்முறை பெயர் சேர்க்க 6. பெயரை நீக்க 7. இடமாற்றம், திருத்தம், புது அட்டை எல்லாவற்றுக்கும் 8. இங்கேதான் பெரும்பாலானோர் வழுக்குகிறார்கள். 2022 ஆகஸ்ட்டுக்கு முன்பு வேறு தொகுதிக்கு மாறினால் மறுபடி 6 போட வேண்டும். அந்தப் பழக்கத்தில் இப்போதும் அக்ஷயா என்னும் கேரள அரசின் இ-சேவை சென்டரில் உட்கார்ந்து 6 நிரப்பச் சொல்கிறார்கள். 6 போட்டால் 'வேறெங்கும் என் பெயர் இல்லை' என்று உறுதிமொழி கொடுத்தாகிறது; ஆனால் போடியிலிருந்து மாறி வந்தவருக்குப் போடியில் பழைய பெயர் உயிரோடு இருக்கும். இரட்டைப் பதிவு பிறப்பது இப்படித்தான், கள்ள வோட்டு எண்ணத்தோடு அல்ல. 8ஆம் படிவத்தில் பழைய எபிக் (வாக்காளர் அட்டை) எண்ணைக் கொடுத்து இடமாற்றம் என்று குறித்தால் அதே எண் புதுத் தொகுதிக்கு வரும், பழைய இடத்தில் பெயர் நீங்கும்.

18 வயதுக் கணக்குக்கு இப்போது ஆண்டில் நான்கு தேதிகள்: ஜனவரி 1, ஏப்ரல் 1, ஜூலை 1, அக்டோபர் 1. வேட்புமனு கடைசி நாளுக்குப் பிறகு பட்டியலில் கைவைக்க முடியாது. விண்ணப்பம் வந்தால் ஆட்சேபத்துக்கு ஏழு நாள் விட வேண்டும் என்பதால், மனு கடைசி நாளுக்குப் பத்து நாள் முன்பே கொடுத்திருக்க வேண்டும். தேர்தல் தேதி அறிவித்த பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்றிருப்பவர்களுக்குக் கிடைக்கும் இடைவெளி மிகக் குறுகலானது.

லயத்துக்காரர்களுக்கு முகவரிச் சான்று தனித் தலைவலி. வீடு கம்பெனியுடையது; வாடகைப் பத்திரம் இல்லை; கரண்ட் பில் தொழிலாளி பெயரில் இல்லை. இதைக் காரணம் காட்டி விண்ணப்பத்தையே வாங்க மறுக்கிற இடங்கள் உண்டு. மறுக்கக் கூடாது. ஆதார், போட்டோ ஒட்டிய பேங்க் அல்லது தபால் நிலைய பாஸ்புக் ஏற்கத்தக்கவை. பட்டியலில் உள்ள சான்று எதுவும் இல்லையென்றால் நேரில் வந்து விசாரித்து முடிவு செய்ய வேண்டும். ஆதாரில் ஊர் முகவரி, விண்ணப்பத்தில் லயம் என்றிருந்தால் மட்டும் சிக்கல். முதலில் பாஸ்புக் முகவரியை மாற்றிக்கொள்வது சுலபமான வழி.

வேலை ஓய்வு பெறும்போது லயத்தைக் காலி செய்ய வேண்டும். கம்பெனி வீட்டை அடுத்தவருக்கு ஒதுக்கிவிடும்; பி.எல்.ஓ. என்னும் வாக்குச்சாவடி நிலை அலுவலர் வந்து 'இந்த வீட்டில் இல்லை' என்று குறிப்பார். ஓய்வு பெற்றவர் மகனோடு அடுத்த டிவிஷனிலேயே இருக்கலாம், ஆனாலும் பெயர் போய்விடும். வசிப்பிடம் மாறிவிட்டது என்று நீக்குவதற்கு முன் நோட்டீஸ் கொடுத்துக் கேட்க வேண்டும் என்று 22ஆவது பிரிவு சொல்கிறது. நோட்டீஸோ பழைய லய முகவரிக்கே போகும். எனவே காலி செய்கிற வாரத்திலேயே 8ஆம் படிவம் போட்டுவிடுவது உத்தமம். நீக்கிவிட்டால் 15 நாளுக்குள் கலெக்டரிடம் அப்பீல், அங்கும் நடக்காவிட்டால் 30 நாளுக்குள் மாநிலத் தலைமைத் தேர்தல் அதிகாரியிடம் இரண்டாவது அப்பீல்.

2025 நவம்பர் 4 முதல் கேரளத்திலும் தமிழ்நாட்டிலும் ஒரே நேரத்தில் எஸ்.ஐ.ஆர். என்னும் சிறப்புத் தீவிரத் திருத்தம் தொடங்கியது. இரு பக்கமும் பெயர் உள்ளவர்களுக்கு இரு பக்கமும் படிவம் வந்தது. ஒன்றில்தான் கையெழுத்துப் போட வேண்டும் என்ற எளிய விஷயம் பல குடும்பங்களுக்குத் தாமதமாகத்தான் புரிந்தது. பழைய தீவிரத் திருத்தப் பட்டியலில் தன் பெயரையோ பெற்றோர் பெயரையோ காட்டிக் கோத்துக்கொள்ள வேண்டியிருந்தது. கேரளத்துக்கு அது 2002 பட்டியல். தேனிப் பக்கத்திலிருந்து கல்யாணமாகி மேலே வந்த பெண்களுக்கு அப்பா பெயர் இருப்பதோ தமிழ்நாட்டுப் பட்டியலில். எந்தத் தொகுதி, எந்தப் பாகம், என்ன வரிசை எண் என்று அங்கே தேடி எடுக்க வேண்டும். அந்த மூன்று எண்களையும் ரேஷன் கார்டு உறையிலேயே எழுதி வைத்துக்கொள்வது நல்லது, இனியும் கேட்பார்கள்.

பெயர் எழுத்து இன்னொரு குடைச்சல். தமிழில் க ஒன்றுதான், மலையாளத்தில் நான்கு. தமிழ்ச் சான்றிதழில் 'கணேசன்' என்றிருப்பதைப் பார்த்து ஒருவர் வல்லினக் க போட்டு ஏற்றினால் ஆதாரில் 'Ganesan', பட்டியலில் 'Kanesan'. இனிஷியல் அதைவிட மோசம். கேரளப் படிவத்தில் வீட்டுப் பெயர் கேட்பார்கள். நம்மாள் அப்பா பெயரைச் சொல்வார். பட்டியலில் அப்பா பெயரே வீடாகிவிடும். பூத்தில் இதற்காகத் திருப்பி அனுப்பக் கூடாது. சின்ன எழுத்துப்பிழையைப் பொருட்படுத்தாமல் ஆளை அடையாளம் கண்டால் போதும் என்பதே ஆணையத்தின் அறிவுரை. ஆனால் எஸ்.ஐ.ஆர். போன்ற நேரங்களில் கம்ப்யூட்டர் அந்த அறிவுரையைப் படிப்பதில்லை. சும்மா இருக்கும் காலத்திலேயே 8ஆம் படிவத்தில் திருத்திவிடுங்கள்.

தேர்தல் நாள். 2016 மே 16, 2021 ஏப்ரல் 6 இரண்டும் கேரளத்துக்கும் தமிழ்நாட்டுக்கும் ஒரே நாள். 2024 நாடாளுமன்றத் தேர்தலில் தமிழ்நாடு ஏப்ரல் 19, கேரளம் ஏப்ரல் 26, ஆந்திரம் மே 13. தேதி வேறாகும்போதுதான் 'காலையில் அங்கே, அடுத்த வாரம் இங்கே' என்ற பேச்சு கிளம்பும். இடது ஆள்காட்டி விரலில் மை ஒரு வாரத்தில் போகாது. அதைவிட முக்கியம், 1951ஆம் ஆண்டு மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 62ஆவது பிரிவு: இரண்டு தொகுதியில் போட்டால் இரண்டுமே செல்லாது. ஒன்று தப்பும் என்ற கணக்கு தப்பு.

தோட்டத்துக்கு இறங்கி ஏறும் தொழிலாளிக்கு அதே சட்டத்தின் 135-பி பிரிவு தெரிந்திருக்க வேண்டும். தன் தொகுதியில் வோட்டு நாள் வந்தால் சம்பளத்தோடு விடுமுறை. தினக்கூலிக்கும் உண்டு, வேலை செய்யும் இடம் வேறு தொகுதியாக இருந்தாலும் உண்டு. கொடுக்காத முதலாளிக்கு அபராதம் 500 ரூபாய் வரை என்பதுதான் இந்தப் பிரிவின் பலவீனம். ஒரு ஜீப் டிரிப்புக்குக்கூடக் காணாது.

அடையாளத்துக்கு ரேஷன் கார்டைக் கொண்டுபோகிறவர்கள் நிறைய. அது பட்டியலில் இல்லை. பூத் சிலிப்பும் அடையாளம் ஆகாது. எபிக் இல்லாவிட்டால் ஆதார், பாஸ்புக், பான், லைசென்ஸ், தொழிலுறப்பு (நூறு நாள் வேலை) கார்டு போன்றவை செல்லும். எல்லைக்காரர்களுக்கு ரொம்ப உதவும் விதி ஒன்று: வேறு தொகுதியில் கொடுத்த எபிக் கூடச் செல்லும், அந்த பூத்தின் பட்டியலில் பெயர் இருந்தால். கார்டில் போடிநாயக்கனூர் என்று அச்சிட்டிருப்பதற்காக மறையூர் பூத்தில் மறுத்தால் பிரிசைடிங் ஆபீசரிடம் இதைச் சொல்லலாம். கார்டு இருந்து பட்டியலில் பெயர் இல்லையென்றால் மட்டும் ஒன்றும் செய்ய முடியாது.

உங்கள் பெயரில் யாரோ முன்னமே போட்டுவிட்டுப் போயிருந்தால் திரும்பி வராதீர்கள். டெண்டர் வோட்டு கேளுங்கள். மெஷினில் அல்ல, தாளில் தருவார்கள்; தனி உறையில் வைப்பார்கள். எண்ணிக்கையில் அது சேராது. கேஸ் வந்தால் எடுப்பார்கள். சாதாரணமாக இதில் யாருக்கும் ஆர்வமிருக்காது. ஆனால் 2016இல் மஞ்சேஸ்வரத்தில் வித்தியாசம் 89, ராதாபுரத்தில் 49. அந்த மாதிரி இடத்தில் ஒவ்வொரு உறையும் பேசும்.

உள்ளாட்சித் தேர்தல் முற்றிலும் வேறு கடை. கேரளத்தில் அதற்கு மாநிலத் தேர்தல் ஆணையம் தனிப் பட்டியல் வைத்திருக்கிறது. நியமசபைப் பட்டியலில் பெயர் இருப்பதால் பஞ்சாயத்துப் பட்டியலில் இருக்கும் என்று அர்த்தமில்லை, இரண்டிலும் தனித்தனியே பார்க்க வேண்டும். கிராமப் பஞ்சாயத்தில் மூன்று வோட்டு: வார்டு, பிளாக், ஜில்லா. நோட்டா கிடையாது. ஒன்றிரண்டு மட்டும் போட்டுவிட்டு மற்றதை விட விரும்பினால் கடைசியில் எண்ட் பட்டனை அழுத்த வேண்டும்; அழுத்தாமல் வெளியே வந்தால் மெஷின் காத்துக்கொண்டே நிற்கும்.

இப்போது நிற்கிறவர் பக்கம். எம்.பி. தேர்தலில் நிற்க இந்தியாவில் எந்தத் தொகுதியின் வோட்டராக இருந்தாலும் போதும். எம்.எல்.ஏ. தேர்தலில் அந்த மாநிலத்தின் ஏதாவதொரு தொகுதியில் வோட்டராக இருக்க வேண்டும். அதாவது கம்பத்து வோட்டர் இடுக்கி எம்.பி.க்கு நிற்கலாம், பக்கத்து உடும்பன்சோலை எம்.எல்.ஏ.வுக்கு நிற்க முடியாது. வேறு தொகுதி வோட்டர் என்றால் அந்தப் பட்டியலின் சான்றிட்ட நகல் மனுவோடு வேண்டும்.

டெபாசிட் சட்டமன்றத்துக்கு 10,000 ரூபாய், பட்டியல் சாதி, பழங்குடியினருக்கு 5,000. நாடாளுமன்றத்துக்கு 25,000, 12,500. செல்லுபடியான வோட்டில் ஆறில் ஒரு பங்குக்கு மேல் வாங்காவிட்டால் போச்சு. அங்கீகாரம் பெற்ற கட்சிக்கு முன்மொழிபவர் ஒருவர் போதும். சுயேச்சைக்குப் பத்துப் பேர், பத்துப் பேரும் அதே தொகுதி வோட்டர்களாக இருக்க வேண்டும். சித்தூரில் நிற்கிற சுயேச்சைக்கு முதலமடையிலிருந்து மாமன் வந்து கையெழுத்துப் போட்டால் மனு காலி; முதலமடை நெம்மாறத் தொகுதி. கைநாட்டு வைப்பவர் தேர்தல் அதிகாரி முன்னிலையிலோ தேர்தல் ஆணையம் அதற்கெனக் குறிப்பிட்ட அதிகாரி முன்னிலையிலோதான் வைக்க வேண்டும். வீட்டில் வைத்து வாங்கி வந்த கைநாட்டு செல்லாது. 26ஆம் படிவப் பிரமாணப் பத்திரத்தில் எந்தக் கட்டத்தையும் வெறுமையாக விடக் கூடாது, சொத்து இல்லையென்றால் 'இல்லை' என்று எழுத வேண்டும். தள்ளுபடி ஆகும் மனுக்களில் பாதிக் கதை இந்த மாதிரிச் சில்லறை விஷயங்கள்தான்.

தேவிகுளம் தனித் தொகுதி. கேரளத்தில் 140இல் 14 பட்டியல் சாதிக்கு, 2 பழங்குடிக்கு. மாநிலத்தின் சாதி விகிதத்தை இடத்தின் எண்ணிக்கையால் பெருக்கி எண்ணிக்கையை முடிவு செய்கிறார்கள். பிறகு பட்டியல் சாதி இடங்களை மாநிலத்தின் பல பகுதிகளுக்கும் பரவலாக, அவர்கள் விகிதம் கூடுதலாக உள்ள தொகுதிகளில் வைக்கிறார்கள். தோட்டத் தொழிலாளர் குடியிருப்பு இல்லாமல் தேவிகுளத்துக்கு இந்த அடையாளம் வந்திருக்காது. 1957இல் அது இரட்டை உறுப்பினர் தொகுதி: ஒரு வோட்டருக்கு இரண்டு வோட்டு, இரண்டு இடம், ஒன்று ஒதுக்கீடு. அப்போது கேரளத்தில் 114 தொகுதியில் 126 இடம். ஒதுக்கீட்டு வேட்பாளர் இருவர் அதிக வோட்டு வாங்கினால் இரண்டு இடமும் அவர்களுக்கே. அதே ஆண்டு ஆந்திரத்தின் பார்வதிபுரத்தில் வி.வி. கிரி தோற்றது இப்படித்தான். 1961இல் இந்த முறையே ஒழிக்கப்பட்டது. தேவிகுளத்தில் 1957இல் வென்ற ரோசம்மா புன்னூஸின் தேர்தல் செல்லாது என்று தீர்ப்பாகி, 1958 இடைத்தேர்தலில் அவரே மறுபடி வென்றார்.

ஒதுக்கீட்டில் எல்லைத் தமிழரைக் கடிக்கும் பல் எது? எம்.பி. தனித் தொகுதியில் எந்த மாநிலத்துப் பட்டியல் சாதியினரும் நிற்கலாம். எம்.எல்.ஏ. தனித் தொகுதியில் அந்த மாநிலத்துப் பட்டியலில் வருபவர் மட்டும். சாதிப் பெயர் இரண்டு பட்டியலிலும் ஒன்றாக இருந்தாலும், 1950 ஆகஸ்ட் 10 ஆணை வந்தபோது குடும்பம் எங்கே குடியிருந்தது என்று கேட்பார்கள். வேறு மாநிலத்திலிருந்து பின்னால் குடிபெயர்ந்தவருக்கு அந்தத் தகுதி கூடவே வராது என்று 1990இலேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. தாத்தா எந்த ஆண்டு மலையேறினார்? யாரிடம் இருக்கிறது இதற்கான காகிதம்? எஸ்டேட் பேர்ப்பதிவு, பி.எஃப். தாள், பள்ளிச் சேர்க்கைப் பதிவு, பழைய வீட்டு ஒதுக்கீட்டுச் சீட்டு இவைதான். ஜாதி சர்டிபிகேட் வாங்கும்போதே இவற்றின் நகல் தாலுகா ஆபீஸ் கோப்பில் இருக்கும்படி பார்த்துக்கொள்வது பிற்காலத்துக்கு உதவும்.

2021இல் தேவிகுளத்தில் வென்ற ஆ. ராஜாவின் வழக்கு முழுக்க இதைச் சுற்றியே நடந்தது: மதம் மாறியவரா, கேரளத்துப் பட்டியலில் வருபவரா என்று இரண்டு கேள்விகள். கேரள உயர் நீதிமன்றம் 2023 மார்ச் 20 அன்று தேர்தல் செல்லாது என்றது. உச்ச நீதிமன்றம் 2025 மே 6 அன்று அந்தத் தீர்ப்பை ரத்து செய்தது. தேர்தல் வழக்கை முடிவு வந்த 45 நாளுக்குள் போட வேண்டும், ஆறு மாதத்தில் விசாரித்து முடிக்க முயல வேண்டும் என்று சட்டம் ஆசைப்படுகிறது. ஐந்தாண்டுப் பதவியில் நான்காண்டு போன பிறகு வந்த இறுதி முடிவு இது. யார் பக்கம் நியாயம் என்பது ஒருபுறம் இருக்கட்டும். அத்தனை காலம் அந்தத் தொகுதி வோட்டருக்குத் தங்கள் எம்.எல்.ஏ. இருக்கிறாரா இல்லையா என்பதே திட்டமாகத் தெரியவில்லை.

அதே ஆள் 2021 மே 24 அன்று சபையில் தமிழில் உறுதிமொழி எடுத்தார். எடுத்த தமிழ் வாசகத்தில் 'கடவுளின் பெயரால்' அல்லது 'உளமார உறுதி கூறுகிறேன்' என்று வர வேண்டிய துண்டு விட்டுப்போயிருந்தது. மொழிபெயர்த்துக் கொடுத்த தாளிலேயே இல்லை. ஜூன் 2 அன்று மறுபடி எடுத்தார். அரசமைப்பின் 193ஆவது பிரிவு, உறுதிமொழி எடுக்காமல் சபையில் உட்கார்ந்தால் நாளுக்கு 500 ரூபாய் என்கிறது. இடைப்பட்ட நாட்களுக்கு அந்த விகிதத்தில் அபராதம் கட்டச் சொல்லி சபாநாயகர் தீர்ப்பளித்தார். அரசமைப்பின் மூன்றாம் அட்டவணைக்குச் செம்மையான தமிழ் வாசகம் அச்சில் இருக்கிறது. தமிழில் உறுதிமொழி எடுக்கப்போகிறவர் அதை ஒரு நகல் எடுத்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு போகலாம்.